படைக் கல்லூரியா, புலமைப்பரிசிலா? சீருடைக்குப் பின்னால் ஒரு கணக்கு



சென்ற மாத நிகழ்ச்சி முடிந்த கையோடு நேயர் ஒருவர் கலையகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, மூத்தவனுக்கு ஆமியிலயிருந்து கடிதம் வந்திருக்குது. அமெரிக்காவில இருக்கிற தங்கச்சியின்ர மகனுக்கு ஆமிதான் கம்பஸ் காசு கட்டுதாம். இங்கயும் அப்பிடி ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். "ஆமி" என்று சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தாழ்ந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் வேலி பாய்ந்து ஓடிய தலைமுறை நாங்கள். இன்று அதே சொல் எங்கள் பிள்ளையின் பெயருக்குத் தபாலில் வருகிறது.

நான் வர்த்தகம் படித்த கணக்காளன். ஆகவே யார் பணம் கட்டுகிறார், அதற்காக யார் கடனாளியாகிறார் என்றே இதைப் பார்க்கிறேன்.

முதலில் அமெரிக்கா. அங்கே அதிகாரியாவதற்கு இரண்டு பெரிய வாசல்கள் உண்டு. ஒன்று 1802இல் தொடங்கிய வெஸ்ட் பொயின்ற் போன்ற படைக் கல்லூரி. நல்ல புள்ளி மட்டும் போதாது. பெரும்பாலும் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் நியமனமும் வேண்டும். உள்ளே போனால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அரசின் செலவு. மாதப்படியும் உண்டு. பதிலுக்குக் குறைந்தது 5 ஆண்டு முழுநேரச் சேவை. மற்றது, சாதாரணப் பல்கலைக்கழகத்தில் படித்தபடியே பயிற்சி பெறும் முறை. இது 1916ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. இதற்கான புலமைப்பரிசில் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தோடு விரிந்தது. பொதுவாக 4 ஆண்டு முழுநேரச் சேவை. இரு வழியிலும் மொத்தக் கடப்பாடு 8 ஆண்டுகள். மிகுதிக் காலம் பின்னிருப்புப் படையில் கழியும். இடையில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரிடலாம்.

இரண்டாவது வாசல் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு உதவியது. ஜமெய்க்காவிலிருந்து வந்த பெற்றோரின் மகன் கொலின் பவல், நியூயோர்க் நகரக் கல்லூரியில் படித்தபடியே பயிற்சி பெற்று 1958இல் அதிகாரியானார். 1989இல் முப்படைத் தளபதிகளின் தலைவரானார். வெஸ்ட் பொயின்ற் வாசலை அவர் மிதிக்கவில்லை.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு கதை இருந்தது. இலங்கை இராணுவம் 1949இல் உருவானபோது முதல் இரு தளபதிகளும் பிரித்தானியர். 1955இல் பதவியேற்ற முதலாவது உள்நாட்டுத் தளபதி ஒரு தமிழர், அன்ரன் முத்துக்குமாரு. ஒக்ஸ்போர்ட்டில் படித்துப் பாரிஸ்டரான அவர், தொண்டர் படை வழியாகவே சீருடை அணிந்தார். அதே காலத்தில் இளம் பயிலுநர்கள் இங்கிலாந்தின் சான்ட்ஹேர்ஸ்ட் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கும் இரண்டு வழிகள்தான்.

1962இல் சதிமுயற்சி ஒன்று பிடிபட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் சிங்களவர், தமிழர், பறங்கியர் மூவரும் இருந்தனர், பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். அதன்பின் படையின் இன அமைப்பு வேகமாக மாறியது. தமிழருக்கு அந்த வாசல் ஒடுங்கியது. பின்னர் சேர் ஜோன் கொத்தலாவல கொடுத்த இரத்மலானைக் கந்தவளைத் தோட்டத்தில் பாதுகாப்புக் கல்லூரி ஒன்று எழுந்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது இயங்கியது. இலவசப் பட்டமும் படைச் சேவையும் ஒரே இடத்தில் கிடைத்தன. ஆனால் எங்கள் வயதுப் பெடியள் அந்த விண்ணப்பப் படிவத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. புலமைப்பரிசில் எவ்வளவு பெரிதென்றாலும், வாசல் யாருக்குத் திறக்கிறது என்பதே முதற்கேள்வி.

இனி சுவிஸ். இங்கே பள்ளிக்கூடத்திலிருந்து நேரே அதிகாரியாக முடியாது. எல்லோரும் சிப்பாயாகத் தொடங்கி, பதவி பதவியாக ஏறி, அதிகாரிப் பாடசாலைக்குப் போக வேண்டும். 1819இல் தூண் நகரில் திறந்த மத்திய இராணுவப் பாடசாலைக் காலத்திலிருந்தே இது வேறு வேலை செய்துகொண்டு சேவை செய்யும் குடிமக்களின் படை. சூரிச் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் 1878இலேயே இராணுவ விஞ்ஞானப் பிரிவு வந்துவிட்டது. ஆனால் இன்றும் அங்கே தொழில்முறை அதிகாரிக்கான பட்டம் படிக்க, முதலில் குடிமக்கள் படையில் அதிகாரியாகியிருக்க வேண்டும்.

பணம்? உங்கள் சம்பளத்துண்டை எடுத்துப் பாருங்கள். முதியோர் காப்புறுதிக் கழிவோடு "ஏ.ஓ." என்ற இரண்டு எழுத்து ஒட்டியிருக்கும். முதலாம் உலகப்போரில் எல்லைக்குப் போன சிப்பாய்களுக்குச் சம்பள ஈடு இல்லை. குடும்பங்கள் வறுமையில் விழுந்தன. 1918 நவம்பரில் வெடித்த பொதுவேலைநிறுத்தத்துக்கு அந்த வறுமையும் ஒரு காரணம். அந்தப் பாடத்தால் 1940இல் வருமான ஈட்டுத் திட்டம் வந்தது. இன்று கழிவு 0.5 வீதம், பாதி தொழிலாளி, பாதி முதலாளி. சேவைக்குப் போகும் தொழிலாளிக்குப் பொதுவாக 80 வீதம் கிடைக்கும். ஆட்சேர்ப்புப் பயிற்சிக் காலத்துக்குத் தனிக் கணக்கு. 2005 முதல் மகப்பேற்று விடுப்புப் பணமும் இதே நிதியிலிருந்துதான் வருகிறது. எங்கள் பெண்கள் பலர் சிப்பாய்க்கென்று தொடங்கிய நிதியில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள்!

புலமைப்பரிசிலுக்கு நெருங்கியது ஒன்றும் உண்டு. 2018இல் நடைமுறைக்கு வந்த இராணுவச் சீர்திருத்தத்தோடு, பதவியேற்றப் பயிற்சி முடித்தவர்களுக்குக் குடியியல் படிப்புக்கான உதவித்தொகை கொடுக்கப்படுகிறது. அமெரிக்காவில் பணம் முதலில், சேவை பிறகு. இங்கே சேவை முதலில், பணம் பிறகு. முன்பணம் வாங்காதவனுக்குத் திருப்பிக் கட்டும் கடனும் இல்லை.

சுவிஸ் குடியுரிமை பெற்ற ஆண்பிள்ளைகளுக்குச் சேவை கடமை, பெண்பிள்ளைகளுக்கு விருப்பம். துப்பாக்கி ஏந்த மனச்சாட்சி இடம்தராவிட்டால் 1996 முதல் குடியியல் சேவை உண்டு. நாட்கள் ஒன்றரை மடங்கு. இரண்டும் செய்யாதவர்கள் பொதுவாக வருமானத்தில் 3 வீதம், குறைந்தது 400 பிராங், ஈட்டுவரி கட்டுவார்கள்.

இதையெல்லாம் அந்த நேயருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கணக்கு விளங்குது அண்ணை. ஆனா அவன் அந்த உடுப்போட வீட்டு வாசல்ல வந்து நிண்டா அம்மா என்ன செய்வாவோ" என்றார். அதற்கு என்னிடம் கணக்கில்லை. கடிதத்தை மேசையில் வைத்து, அப்பம்மாவையும் பக்கத்தில் இருத்தி, பெடியனோடு கதையுங்கள் என்று மட்டும் சொன்னேன். எங்கள் வீடுகளில் அந்தக் கதை இன்னும் தொடங்கவில்லை, நேயர்களே.