லாரிக்குப் பாட்டன்!

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் வரைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கன்டெய்னர் லாரிகள், புத்தம்புதுக் கார்களை முதுகில் சுமந்துபோகும் நீள நீளமான டிரெய்லர்கள், ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள்... இவற்றுக்கு நடுவே சைக்கிள்காரருக்கு மிஞ்சுவது ரோட்டோரத்து மண்தான். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டதும் பாவம், அதிலிருந்தும் இறங்கி நிற்க வேண்டியதுதான்!

ஆனால், சரித்திரம் தெரிந்திருந்தால் அந்த லாரி ஹாரன் அடிக்காது. கையெடுத்துக் கும்பிடும்! ஏனென்றால், லாரிக்குப் பாட்டன் சைக்கிள். அதிலும் மூணு சக்கர சைக்கிள்!

கதை 1655-ல் ஆரம்பிக்கிறது. ஜெர்மனியில் நியூரம்பெர்க் பக்கத்திலுள்ள ஆல்ட்டார்ஃப் என்ற ஊரில் ஸ்டீஃபன் ஃபார்ஃப்ளர் என்று ஒரு கடிகாரக்காரர். வயசு 22. நடக்க முடியாது. யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் வெளியுலகம். மனிதர் கடிகாரத்துப் பல்சக்கரங்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவராச்சே! மூன்று சக்கரத்தில் ஒரு நாற்காலியைப் பொருத்தி, கையால் சுற்றினால் முன்சக்கரம் ஓடும்படி ஒரு வண்டியைத் தனக்குத் தானே செய்துகொண்டார். குதிரை வேண்டாம், தள்ளிவிட ஆள் வேண்டாம். இரண்டு சக்கர சைக்கிள் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய சமாச்சாரம் இது!

அடுத்து இங்கிலாந்து. 1870-களில் முன்சக்கரம் ஆளுயரம் இருக்கும் சைக்கிள்தான் அங்கே ஃபேஷன். விழுந்தால் தலைகுப்புற! நீளப் பாவாடை அணிந்த பெண்களும் வயசானவர்களும் அதில் ஏறுவதாவது? அவர்களுக்குக் கைகொடுத்தது மூணு சக்கரம். கோவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி விதவிதமாகச் செய்து தள்ளினார். 1881-ல் விக்டோரியா மகாராணியே இரண்டு வண்டிக்கு ஆர்டர் கொடுத்தார் என்றால் பாருங்களேன்!

இந்த ஸ்டார்லிக்கு ஒரு தலைவலி வந்தது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு ஒன்றை 1877-ல் தன் வண்டியில் பொருத்தினார். நீராவி வண்டிக்காக ஒரு பிரெஞ்சுக்காரர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த விஷயம்தான். ஆனால், அன்றாட ரோட்டுக்கு அதைக் கொண்டுவந்தது டிரைசைக்கிள். அதுதான் ஸ்வாமி, இன்று ஒவ்வொரு லாரியின் பின் அச்சிலும் உருண்டையாகத் தொங்குகிறதே, அந்த டிஃபரன்ஷியல்!

இன்னும் இருக்கிறது. காற்றடைத்த டயரை 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவர் டன்லப் முதலில் மாட்டியது எதில்? தன் பையனின் மூணு சக்கர சைக்கிளில்! 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய பெட்ரோல் காருக்கு எத்தனை சக்கரம்? மூன்றே மூன்று! கம்பிச் சக்கரம், செயின் என்று பாதி சைக்கிள் சாமான்கள்.

இப்போது ஒரகடத்துக்கு வாருங்கள். டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலை இருக்கிறது. அப்போலோ டயர் தொழிற்சாலை இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு இருக்கிறது. புல்லட்டுக்குப் பேர்போன அந்தக் கம்பெனி, இங்கிலாந்தில் பிழைப்பை ஆரம்பித்ததே சைக்கிள் செய்துதான். ஆக, பேரப்பிள்ளைகள் எல்லோரும் படப்பை பக்கத்தில் ஜாம்ஜாமென்று செட்டில் ஆகிவிட்டார்கள். பாட்டன் எங்கே?

பாட்டனுக்கு நேர்ந்த கதி, பாரிஸில் நடந்தது. சார்லஸ் மோஷே என்பவரின் சின்னப் பையன் சைக்கிள் கேட்டு அடம்பிடித்தான். விழுந்துவிடுவானே என்று அம்மாவுக்குப் பயம். அப்பா நாலு சக்கரத்தில் ஒரு பெடல் கார் செய்து கொடுத்தார். சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். பையன் மற்ற சைக்கிள் பையன்களையெல்லாம் சர்வசாதாரணமாக முந்தினான்! காரணம் சிம்பிள். நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சு காற்றை மோதித் தள்ளவேண்டும். சாய்ந்து படுத்தால் காற்று மேலே வழுக்கிப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, முதுகுக்கு ஒரு சாய்மானம், இடுப்பு வலி இல்லை.

பெரியவர்களுக்கும் அதே மாதிரி 'வெலோகார்' செய்து விற்றார் மோஷே. கார் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் அதில் போய்வந்தன. பிறகு, அதையே இரண்டு சக்கரத்தில் செய்து பந்தயத்துக்கு அனுப்பினார். 1933 ஜூலை 7. ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் அதில் படுத்தபடியே ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914-லிருந்து யாராலும் அசைக்க முடியாத 44.247 கிலோமீட்டர் சாதனை காலி!

கைதட்டினார்களா? கூட்டம் போட்டார்கள்! 'சைக்கிள் என்றால் என்ன?' என்று சர்வதேச சைக்கிள் சங்கத்தில் காரசாரமான விவாதம். கடைசியில் புது விதி எழுதி, 1934 ஏப்ரல் 1 முதல் சாய்வு வண்டியைப் பந்தயத்திலிருந்து வெளியே தள்ளினார்கள். தோற்றதால் அல்ல, ஜெயித்ததால்! தடை பந்தயத்துக்கு மட்டும்தான். ஆனால், பந்தயத்தில் இல்லாத வண்டியைப் பெரிய கம்பெனிகள் திரும்பிப் பார்க்குமா? அதே வருஷம் மோஷே இறந்துபோனார்.

வெளிநாடுகளில் சாய்வு மூணு சக்கரத்தை இன்றும் சில கம்பெனிகள் செய்கின்றன. ஆபீஸுக்கும் கடைக்கும் அதில் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. சிக்னலில் நின்றால் கால் ஊன்றவேண்டாம். மூட்டு வலிக்காரரும், தடுமாறும் பெரியவரும் தைரியமாக ஓட்டலாம். குறையும் உண்டு. மேட்டில் திணறும். அகலம் அதிகம். உயரம் குறைவு என்பதால், பின்னால் ஒரு கம்பில் கொடி கட்டிக்கொள்கிறார்கள், மற்றவர் கண்ணில் பட.

நம் ஊரில் மூணு சக்கரத்துக்கு என்ன பெயர்? ஒன்று, சுமை. ரிக்‌ஷாவும் மீன்பாடி வண்டியும். கையால் இழுக்கும் ரிக்‌ஷாவை 1973-ல் தமிழக அரசு ஒழித்து, சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. மனிதன் ஓடுவது நின்றது, மிதிப்பது தொடர்ந்தது. இன்னொன்று, இரக்கம். மாற்றுத்திறனாளிக்கு மேடையில் வைத்துக் கொடுக்கும் வண்டி. ஃபார்ஃப்ளர் அதை யாரிடமும் வாங்கவில்லை, தானே செய்தார் என்பதை மறந்துவிட்டோம். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'நியோபோல்ட்' 2020-ல் வந்தபோதுதான் அந்த ஞாபகம் கொஞ்சம் திரும்பியது. சக்கர நாற்காலியின் முன்னால் மோட்டார் சக்கரம் ஒன்றை மாட்டினால், மூணு சக்கர வண்டியாகி ரோட்டுக்கே வந்துவிடுகிறது!

செய்யத் தெரியாத ஊரா இது? 1949-லேயே டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் கால் ஊன்றிவிட்டது. குழாய் வளைக்க, வெல்டிங் வைக்க ஒரகடத்துப் பக்கம் ஆளுக்கா பஞ்சம்? சாமான் இருக்கிறது, கை இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். இடுப்புயர வண்டி ஒன்று, லாரிச் சக்கரத்துக்குப் பயப்படாமல் போக ஒரு பாதை.

பாரிஸில் அந்த வண்டியை வெளியேற்ற ஒரு சங்கம் கூடி, விவாதித்து, விதி எழுத வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. ரோடு போட்ட விதமே போதும்!