பெயரை அழித்தால் ஆள் மறைவாரா?

2006 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், சுமார் 4,80,000 சந்தாதாரர்கள் படங்களுக்குப் போட்ட பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்களைப் போட்டிக்கென்று வெளியிட்டது. பெயர்களைத்தான் எடுத்துவிட்டோமே, அப்புறம் என்ன பயம் என்பது வாதம். பெயர்தான் ஆள் என்கிற பழைய நம்பிக்கை.

2008இல் அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் இதை உடைத்தார்கள். எட்டு மதிப்பெண்கள் தெரிந்தால் போதும். இரண்டு தப்பாயிருக்கட்டும், தேதி இரண்டு வாரம் முன்னேபின்னே இருக்கட்டும், 99 சதவீதப் பதிவுகள் தனியே அகப்பட்டுவிடும். ரசனையே கைரேகை. 2009இல், தன்பால் விழைவை வெளியே சொல்லாத ஒரு தாய் பெயர் மறைத்து வழக்குப் போட்டார். ('வெறும் சினிமாதானே' என்று யார் சொல்வது?) 2010இல் சமரசம், அடுத்த போட்டி கைவிடப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே 2006இல் சிந்தியா ட்வொர்க்கும் சகாக்களும் மாற்றைச் சொல்லியிருந்தார்கள்: ஒருவர் பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை ஏறத்தாழ மாறாதபடி, அளந்து இரைச்சல் கலப்பது.