உள்சுவருக்கு எதற்குப் பேர்மிட்?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டு வேலை தொடங்க நினைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை மேசன் நானா ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். எங்கள் நடு அறைக்கு ஜன்னல் இல்லை. உள்சுவரொன்றை உடைத்துத் தள்ளிக் கட்டினால்தான் காற்று வரும். "பிரதேச சபைக்குப் பிளான் கொடுக்கோணுமா நானா?" என்று கேட்டேன். சிரித்தார். "வெளியில ஒரு கல்லும் வைக்கேல்ல சேர். உங்கட வீட்டுக்குள்ள நீங்க சுவர் கட்ட யார்ட்ட பேர்மிட் கேக்கோணும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான பதில் நூறு வருடத்துக்கும் மேல் பழையது.

1915 என்றதும் எங்கள் சமூகத்துக்கு நினைவு வருவது அந்த வருடத்துக் கலவரம். அதே வருடத்தில்தான் இலங்கையில் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் வந்தது. கட்டடம் கட்ட, உள்ளூராட்சி சபை எழுத்தில் அங்கீகரித்த பிளான் வேண்டும் என்றது அது. அதோடு நிற்கவில்லை. இருக்கிற வீட்டில் எவையெல்லாம் "மாற்றம்" என்று ஒரு பட்டியலும் போட்டது. வெளிச்சுவரில் கதவோ ஜன்னலோ வைப்பது அல்லது அடைப்பது, உள்ளே சுவரோ தடுப்போ எழுப்புவது, கழிவுநீர் போக்கையும் காற்றோட்டத்தையும் பாதிக்கும்படி உள்ளமைப்பை மாற்றுவது, ஒரு வீட்டை இரண்டு குடியிருப்பாகப் பிரிப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. சுண்ணாம்பு அடிப்பதோ, டைல்ஸ் பதிப்பதோ, அலுமாரி மாற்றுவதோ அந்தப் பட்டியலில் இல்லை.

வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு எங்கள் வீட்டின் உள்சுவரில் ஏன் அவ்வளவு அக்கறை? அந்தக் காலத்தைப் பார்த்தால் விளங்கும்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. ஜன்னலே இல்லாத அறைகளில் நெருங்கி வாழ்ந்த கூலித் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அதிகாரிகள் வீடு வீடாகப் புகுந்து, வெளிச்சம் விழட்டும் என்று கூரை ஓடுகளைக் கழற்றினார்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். 1898இல் நகரைத் திருத்தவென்றே பம்பாயில் ஒரு சபை அமைக்கப்பட்டது. 1914இல் அதே பிளேக் கொழும்புக்கு வந்தது. அடுத்த வருடம் இந்தச் சட்டம்.

பிளேக்கைப் பரப்புவது எலியின் தெள்ளு என்பதை சிமொண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆகவே ஜன்னல் வைத்தால் மட்டும் பிளேக் நின்றுவிடாது. ஆனால் காசநோய்க்கும் இளைப்புக்கும் அடைபட்ட அறை எவ்வளவு கெடுதல் என்பதை இன்று எந்த மருத்துவரும் சொல்வார். அந்த நோய் போய்விட்டது, அந்தச் சட்டம் கேட்ட கேள்வி போகவில்லை: இந்த அறைக்குள் காற்று எந்த வழியால் வரும்?

இது வெள்ளைக்காரன் மட்டும் கேட்ட கேள்வியும் அல்ல. 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் இப்னு அர்ராமி என்ற மேசன் ஒருவர் இருந்தார். சுவர், ஜன்னல், கழிவுநீர் பற்றிய அயலவர் வழக்குகளில் காழிக்கு ஆலோசனை சொன்னவர். கட்டடச் சட்டங்களைப் பற்றி ஒரு கிதாபே எழுதினார். உன் சுவர் உன்னுடையதுதான், ஆனால் அதனால் இன்னொருவருக்குத் தீங்கு வரக்கூடாது என்பதுதான் அந்த வழக்குகளின் அடிப்படை.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். நகரங்களுக்கென்று தொடங்கிய இந்த அனுமதி முறை மெல்ல மெல்லக் கிராமத்துக்கும் வந்தது. 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். 1981இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்கு அதன்படி தனி அனுமதி வேண்டும். 1987இல் பிரதேச சபைகள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். இப்படிப்பட்ட நுரைச்சோலையில் குளியலறையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றுவதுகூட வெறும் "உள்வேலை" அல்ல. மணலில் தண்ணீர் வேகமாக ஊறும். உங்கள் குழிக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்பது அதனால்தான்.

ஆனால் எங்களில் பலருக்குப் "பேர்மிட்" என்றால் முதலில் காணிதான் ஞாபகம் வரும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் பிறந்தது இங்கே ஒரு கிடுகுக் கொட்டிலில். காணி எங்களுடையது அல்ல, ஆகவே கல் வைத்துக் கட்ட முடியாது. சுவர் என்பதே எங்களுக்கு உரிமை இல்லாத பொருளாக இருந்தது. புத்தளத்தில் இடம்பெயர்ந்தோருக்கான வீடமைப்புக்கு 2007இல் உலக வங்கி 32 மில்லியன் டொலர் ஒதுக்கியபோதும், காணிக்கு உறுதி இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். வாப்பா அந்த உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்படிக் கிடைத்த வீட்டைத்தான் தங்கச்சியின் கலியாணத்தின்போது நான் இரண்டாகப் பிரித்தேன். பிளான் இல்லை, யாரிடமும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று நானே கட்டுவித்தேன். ஹோலின் நடுவில் ஒரு சுவர். அதனால் நடு அறை ஜன்னலை இழந்தது. இப்போது அந்த அறையில்தான் தங்கச்சியின் மகன் தூங்குகிறான். இரவில் அவனுக்கு இளைப்பு. ஒரு பிளான் வரைந்திருந்தால், அதைப் பார்க்கும் முதலாவது உத்தியோகத்தரே "இந்த அறைக்கு ஜன்னல் எங்கே?" என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வியைத் தவிர்த்ததைத்தான் அன்று நான் மிச்சம் என்று நினைத்தேன்.

அலைச்சல் இல்லையென்று சொல்லமாட்டேன். உறுதியின் பிரதி, நில அளவை வரைபடம், கட்டணம், "அடுத்த கிழமை வாங்க" எல்லாம் இருக்கிறது. ஒரு சிறிய உள்சுவருக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே அலைச்சல் கூடாது, சபைகள் இதை இலகுவாக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பதற்கு முன் கேள்வியின் நியாயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். பிளான் அங்கீகாரமும், வேலை முடிந்தபின் எடுக்கும் இணக்கச் சான்றிதழும் நாளைக்கு வங்கிக் கடனுக்கும் விற்பனைக்கும் பிள்ளைகளின் பங்குக்கும் உதவும். அதைவிட, கல் வைக்க முடியாமல் கொட்டிலில் கிடந்த எங்களுக்கு, இந்த வீடும் இதன் ஒவ்வொரு சுவரும் சட்டப்படி எங்களுடையது என்று சொல்லும் கடதாசி அது.

படம் வரைபவரிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அளக்க வருகிறார். மேசன் நானாவுக்கும் சொன்னேன், "பேர்மிட் வந்த பிறகு சுவரை உடைப்போம், இன்ஷா அல்லாஹ்."

நீங்களும் இன்று இரவு பிள்ளைகள் தூங்கும் அறையை ஒருமுறை பாருங்கள். காற்று எந்த வழியால் வருகிறது?