கடைக் கணக்கைச் சேமிக்க 'நேஸ்' வாங்கப்போகிறீர்களா? இதைக் கவனியுங்கள்

தேக்காவில் கடை நடத்துகிறீர்களா? ரசீது, சரக்குக் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் இப்போது கணினியில்தான். அவற்றைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்கிறது உள்நாட்டு வருவாய் ஆணையம்.

அதற்காகப் பலரும் வாங்குவது 'நேஸ்'. கடையிலுள்ள எல்லாக் கணினிகளும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி அது.

எத்தனை டிஸ்க் தேவை?

(ஒவ்வொன்றும் 4 டெராபைட் என்றால்)

- 2 டிஸ்க், ரெய்டு 1: கிடைக்கும் இடம் 4 டெராபைட். ஒன்று பழுதானாலும் தரவு தப்பும். சிறிய கடைக்குப் போதும்.
- 4 டிஸ்க், ரெய்டு 5: 12 டெராபைட். ஒன்று பழுதாகலாம்.
- 4 டிஸ்க், ரெய்டு 6: 8 டெராபைட். இரண்டு பழுதாகலாம்.

"அதான் ரெண்டு டிஸ்க் இருக்கே, போதாதா?"

போதாது. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலுமே அழிந்துவிடும். திருட்டு, தீ என்றால் பெட்டியே போய்விடும்.

2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற நச்சுநிரல், இணையத்தில் திறந்திருந்த கியூநேப் நேஸ் பெட்டிகளைப் பூட்டி பிட்காயின் கேட்டது. சிங்கப்பூரில் 2021இல் இணையப் பாதுகாப்பு அமைப்பிடம் புகார் செய்யப்பட்ட இத்தகைய பிணைநிரல் தாக்குதல்கள் 137. அதற்கு முந்திய ஆண்டு 89.

என்ன செய்யலாம்?

- முக்கியத் தரவுக்கு 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில். அவற்றில் 1 கடைக்கு வெளியே.
- ஒரு பிரதியை இணையத் தொடர்பின்றி வைத்திருங்கள்.
- நேஸ் மென்பொருளை உடனுக்குடன் புதுப்பியுங்கள்.
- அவ்வப்போது ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள். திறக்கிறதா? அப்போதுதான் நிம்மதி.