கிரீட் தீவின் இயல் தாவரங்கள்

கிரேக்க நாட்டின் மிகப் பெரிய தீவான கிரீட், ஐரோப்பாவில் தாவர வளம் மிகுந்த இடங்களுள் ஒன்று. சுமார் 8,300 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவில் ஏறத்தாழ 1,700 தாவர வகைகள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்று உலகில் வேறெங்கும் கிடையாது.

கடற்கரை விடுதிகளில் தங்கும் கோடைப் பயணிகள் இவற்றில் மிகச் சிலவற்றையே காண்கிறார்கள். அவர்கள் படமெடுக்கும் காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சாலையோரச் சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கற்றாழையும் மெக்சிகோவுக்கு உரியவை. யூகலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம். தீவின் சொந்தச் செடிகளில் பெரும்பாலானவை மார்ச் முதல் மே வரை பூத்து முடித்து, கோடையில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன.

நிலமும் பருவமும்

தீவின் நடுவே கிழக்கு மேற்காக மலைத்தொடர்கள் ஓடுகின்றன. ப்சிலோரிட்டிஸ் சிகரமும் மேற்கிலுள்ள வெண்மலைகளும் 2,450 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான். கோடை மாதங்களில் துளி மழை விழுவதே அரிது. மேற்குப் பகுதி ஓரளவு ஈரமானது, கிழக்கு வறண்டது.

சுமார் 50 லட்சம் ஆண்டுகளாகக் கடல் இத்தீவைப் பெருநிலத்திலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. அந்தத் தனிமையில் புதிய இனங்கள் உருவாயின. வேறிடங்களில் அழிந்துபோன சில பழைய மரபுகள் இங்கே தப்பிப் பிழைத்தன. சுண்ணாம்புப் பாறைகளைப் பிளந்து செல்லும் ஆழமான பள்ளத்தாக்குகள், ஆடுகளின் வாய்க்கு எட்டாத புகலிடங்களைத் தந்தன. 1962இல் தேசியப் பூங்காவான சமாரியா பள்ளத்தாக்கு அவற்றில் புகழ்பெற்றது.

மரங்கள்

கிழக்கு முனையிலுள்ள வாய் என்ற கடற்கரையை ஒட்டி, ஐரோப்பாவின் மிகப் பெரிய இயற்கை ஈச்சந்தோப்பு நிற்கிறது. தமிழ்நாட்டு ஈச்சமரத்தின் பேரினத்தைச் சேர்ந்த இம்மரத்தின் பழம் சிறியது, நார் மிகுந்தது, உண்ணச் சுவையற்றது. கிரீட்டில் ஈச்சை வளர்வதைக் பண்டைய கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் பதிவு செய்திருந்தார். 1967இல் தாவரவியலாளர் வெர்னர் குரோய்ட்டர் இதைத் தனி இனமாக வரையறுத்து, அந்தப் பண்டைய அறிஞரின் பெயராலேயே ஃபீனிக்ஸ் தியோஃப்ராஸ்டி என்று பெயரிட்டார்.

மலைகளில் மட்டும் வளரும் அபெலிட்சியா, செல்கோவா பேரினத்தைச் சேர்ந்தது, கிரீட்டுக்கே உரியது. அதன் உறவினங்கள் சிசிலியிலும் காக்கேசியாவிலும் கிழக்காசியாவிலும் சிதறிக் கிடப்பதால், ஒரு காலத்தில் பரந்திருந்த குடும்பத்தின் எச்சம் இது என்று கருதப்படுகிறது. இதன் உறுதியான கட்டையில்தான் மேய்ப்பர்கள் கைத்தடி செய்தார்கள். ஆடுகள் ஓயாமல் கடிப்பதால் பல மரங்கள் பல பத்தாண்டுகள் கடந்தும் இடுப்பளவுப் புதராகவே நிற்கின்றன.

கெர்மெஸ் ஓக் மரத்துக்கும் இதே கதிதான். ஆனால் முள் விளிம்புள்ள அதன் இலைகளைத் தாண்டி உச்சிக் கொழுந்து ஆட்டின் உயரத்தைக் கடந்துவிட்டால், புதர் மரமாகிவிடும். இதில் வாழும் பூச்சியிலிருந்து பழங்காலத்தில் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். மலைச் சரிவுகளில் கிளை விரித்த சைப்ரஸும் துருக்கிப் பைன் மரமும் காடாக வளர்கின்றன.

தாழ்நிலத்தில் ஆலிவும் கரோப் மரமும் ஆட்சி செய்கின்றன. மேற்கே வூவெஸ் கிராமத்து ஆலிவ் மரம் 2,000 ஆண்டுகளுக்கும் மேலானது என்று மதிப்பிடப்படுகிறது. நடுத்தண்டு உளுத்துவிட்டதால் சரியான வயதைக் கணக்கிட வழியில்லை, இன்றும் காய்க்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் வெற்றியாளர்களுக்கான மாலைகளுக்கு இதன் கிளைகளும் பயன்பட்டன. கரோப் காய்கள் தீவனமாகவும் மாவாகவும் பயன்படுகின்றன. விதையின் பிசின் ஐஸ்கிரீமைக் கெட்டியாக்க உதவுகிறது.

ஓடைக்கரைகளில் தமிழர்கள் நன்கறிந்த அரளி காட்டுச் செடியாகவே பூத்துக் கிடக்கிறது. வேர் நிலத்தடி நீரை எட்டுவதால் அது கோடையிலும் பூக்கிறது. நஞ்சு இருப்பதால் ஆடுகள் தொடுவதில்லை. நொச்சியின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு புதரும் அதன் பக்கத்திலேயே வளர்கிறது.

முட்புதர்க் காடு

மண் மெலிந்த சரிவுகளை முழங்காலளவுப் புதர்கள் மூடியுள்ளன. இதைக் கிரேக்கர்கள் ஃபிரிகனா என்கிறார்கள். காட்டுத் தைம், சேஜ், முள் பர்னெட், முள் யூஃபோர்பியா ஆகியவை இதன் முக்கியச் செடிகள். சிறிய தடித்த இலைகள், மென்மயிர்ப் பூச்சு, நறுமண எண்ணெய், முள் எனப் பல வழிகளில் இவை வறட்சியையும் ஆடுகளையும் சமாளிக்கின்றன. சில, கோடையில் இலைகளையே உதிர்த்துவிடும். தைம் பூக்களால் கிரீட்டின் தேன் பெயர் பெற்றது. வசந்தத்தில் இளஞ்சிவப்புப் பூங்கொத்துகளால் சரிவுகளை நிரப்பும் கிரீட் கருங்காலி, பெயரில்தான் கருங்காலி. உண்மையில் அவரைக் குடும்பப் புதர், கிரீட்டுக்கே உரியது.

சிஸ்டஸ் என்ற புதரின் இலைகளில் கோடை வெயிலில் ஒட்டும் பிசின் சுரக்கும். தோல் வார்கள் கட்டிய நீண்ட கருவியால் புதரை வருடி, வாரில் ஒட்டும் பிசினை வழித்தெடுப்பார்கள். வாசனைப் பொருளான இந்த லாடனத்தைச் சேகரிக்கும் முறையை, 1700இல் தீவுக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் தூர்ன்ஃபோர் விவரித்திருக்கிறார். சீசெஸ் கிராமத்தில் அந்தத் தொழில் இன்னும் தொடர்கிறது.

பாறைச் செடிகளும் கிழங்குச் செடிகளும்

தீவின் புகழ்பெற்ற மூலிகை டிட்டனி. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி செங்குத்துப் பாறைகளில் வளர்கிறது. இலைகள் வெண்மயிரால் போர்த்தப்பட்டவை. அம்பு பாய்ந்த காட்டாடுகள் இதை மேய்ந்து அம்பை உதிர்க்கும் என்ற நம்பிக்கையை அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். பாறை இடுக்குகளில் உயிரைப் பணயம் வைத்துப் பறித்த இந்த மூலிகையை, எம்பாரோஸ் பகுதி விவசாயிகள் இப்போது வயலில் பயிரிடுகிறார்கள். நீலநிறப் பூக்கள் கொண்ட பெட்ரோமருலா பாறைகளிலும் பழைய கோட்டைச் சுவர்களிலும் வளர்கிறது. அதன் பேரினத்தில் வேறு இனமே இல்லை.

மண்ணுக்கடியில் உணவைச் சேமித்துக் கோடையைக் கடத்தும் செடிகளும் ஏராளம். ஓமாலோஸ் சமவெளியிலும் ஸ்பிலி கிராமத்தருகிலும் வசந்தத்தில் காட்டு டியூலிப்புகள் பூக்கின்றன. ஆர்க்கிடுகளில் ஓஃப்ரிஸ் வகை, பெண் தேனீயின் தோற்றத்தையும் மணத்தையும் ஒத்த பூவால் ஆண் தேனீயை ஈர்த்து மகரந்தம் பரப்புகிறது. கோடை முடிவில், நரிவெங்காயத்தின் நெருங்கிய உறவான கடல் வெங்காயம் வெண்பூக் கதிரை உயர்த்துகிறது. புத்தாண்டன்று அதன் கிழங்கை வாசலில் தொங்கவிடுவது வழக்கம். ஆகஸ்டில் மணற்பரப்பில் பூக்கும் வெண்ணிறக் கடல் நார்சிசஸ், கோடைப் பயணிகளும் காணக்கூடிய உள்ளூர்ச் செடி.

பாதுகாப்பு

கட்டடங்கள், அளவுமீறிய மேய்ச்சல், காட்டுத்தீ, மூலிகை பறித்தல் ஆகியவை முதன்மை அச்சுறுத்தல்கள். கூடாரமடித்துத் தங்கியவர்களால் சீரழிந்த வாய் தோப்பு பின்னர் வேலியிட்டுக் காக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இத்தகைய ஈச்சந்தோப்புகளை முன்னுரிமை வாழிடமாக வகைப்படுத்தியுள்ளது. அரிய செடிகளுக்காகச் சிறு காப்பிடங்களும் உருவாக்கப்பட்டுள்ளன. கிரீட்டுக்குச் செல்பவர்கள் ஏப்ரலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பாதையை விட்டு விலகாமலும், கிழங்கையோ மூலிகையையோ பிடுங்காமலும் திரும்பினால், அடுத்த வசந்தத்திலும் அவை அங்கேயே பூக்கும்.