வீட்டுக்கு அடங்காத நட்சத்திரங்கள்

சேற்றில் புரண்டுவிட்டு வந்து, படுக்கையறை நடுவே நின்று உடம்பைச் சிலிர்த்து உதறும் ஒரு செயின்ட் பெர்னார்ட் நாய். 1992இல் வெளியான ‘பீத்தோவன்’ படத்தின் கதாநாயகன் அதுதான். அந்தக் குறும்பையெல்லாம் அதற்குப் பழக்கியவர் கார்ல் லூயிஸ் மில்லர். அதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பு இதே இன நாய்களை வைத்து ‘கூஜோ’ படத்தில் ரசிகர்களை நடுங்க வைத்தவரும் அவரே. அங்கே அவருக்கு வந்த சிக்கல் வேறு. கொலைவெறியோடு காரின் மீது பாய வேண்டிய நாய்கள், விளையாட்டென்று நினைத்து வாலை ஆட்டிக்கொண்டே இருந்தன. வாலைக் கட்டிவைத்து, காருக்குள் அவற்றுக்குப் பிடித்த பொம்மைகளை ஒளித்துவைத்துத்தான் படம்பிடித்தார்கள். திரையில் வெறியாகத் தெரிந்தது பொம்மை மேலிருந்த ஆசை!

நாயை நடிக்க வைக்கும் இந்தக் கலைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1905இல் இங்கிலாந்தின் செசில் ஹெப்வொர்த் தயாரித்த ‘ரெஸ்க்யூட் பை ரோவர்’ ஏறக்குறைய ஏழு நிமிடப் படம். திருடப்பட்ட குழந்தையை நாய் கண்டுபிடிக்கிறது. நடித்த நாய் பிளேர் அவர் வீட்டு நாய், குழந்தை அவர் குழந்தை, கதை எழுதியவர் அவர் மனைவி. பிரதிகள் எடுத்து எடுத்து நெகட்டிவ் தேய்ந்துபோனதால் முழுப் படத்தையும் மறுபடி மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

ஊமைப்படக் காலத்தில் கேமராவுக்குப் பின்னால் நின்று நாயைக் கூவி ஏவலாம். படம் பேசத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. ஜெர்மனியிலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்த கார்ல் ஸ்பிட்ஸ், சத்தமில்லாத கை சைகைகளாலேயே நாய்களைப் பழக்கினார். அவரிடம் வந்த டெர்ரி என்ற பெண் கெய்ர்ன் டெரியர், வீட்டுக் கம்பளத்தை ஓயாமல் நனைத்ததால் திருத்துவதற்காக ஒப்படைக்கப்பட்ட குட்டி. உரிமையாளர்கள் திரும்பி வரவேயில்லை. 1939இல் ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் டோட்டோ என்ற நாயாக வந்தது அதுதான். வாரச் சம்பளம் 125 டாலர். அதே படத்தில் குள்ளர்களாக நடித்த மனிதர்களுக்கு அதைவிடக் குறைவு என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டும்.

 

டெர்ரியின் கதை தனிக்கதையல்ல. மோட்டார் சைக்கிளைத் துரத்துவதும் ஓயாமல் குரைப்பதுமாக இருந்த பால் என்ற கோலி நாயை, ரட் வெதர்வாக்ஸ் என்ற பயிற்சியாளரிடம் கொண்டுவந்து விட்டார் ஒருவர். குரைப்பு நின்றது, துரத்தல் நிற்கவில்லை. தர வேண்டிய கட்டணத்துக்கு ஈடாக நாயையே அவர் கொடுத்துவிட்டார். 1943இல் ‘லாஸ்ஸி கம் ஹோம்’ வந்தபோது, லாஸ்ஸி என்ற பெண் நாயாக நடித்தது இந்த ஆண் நாய். 1954இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரிலும் அதன் வாரிசுகளே லாஸ்ஸி.

1974இல் ‘பென்ஜி’ படத்தில் பென்ஜியாக வந்த ஹிகின்ஸ் என்ற நாயைப் பயிற்சியாளர் ஃபிராங்க் இன் கண்டெடுத்தது பர்பேங்க் நகரின் விலங்குக் காப்பகத்தில். ஒரு வீட்டைத் தலைகீழாக்கிய துறுதுறுப்பும், ஒரு தெருவில் அநாதையாய் நின்ற கூர்மையும்தான் இந்தத் தொழிலின் முதல். பொறுமையாக அதை மடைமாற்றத் தெரிந்தவர் கையில் அது சேர வேண்டியிருந்தது, அவ்வளவே. ‘பென்ஜி’ படத்தை வெளியிட யாரும் முன்வராததால் இயக்குநர் ஜோ கேம்ப் தானே விநியோகித்து வென்றார். அடுத்த படத்தில் பென்ஜியாக நடித்தது ஹிகின்ஸின் மகள் பென்ஜீன்.

பத்திரிகையாளர் ஜான் குரோகன் தன் லாப்ரடார் மார்லியைப் பற்றி 2005இல் எழுதிய புத்தகத்தில், கீழ்ப்படிதல் வகுப்பிலிருந்தே அது வெளியேற்றப்பட்டதைச் சொல்கிறார். 2008இல் ‘மார்லி அண்ட் மீ’ படமானபோது, குட்டிப் பருவம் முதல் முதுமை வரை அந்த ஒரு நாயைக் காட்ட 22 நாய்கள் தேவைப்பட்டன.