அரசு மருத்துவமனையில் தலையாட்டிவிட்டு வர வேண்டாம்: மூத்தவர்களும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

பாயான் பாரு – தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் டிரெசரிடம் தமிழிலேயே நோயைச் சொல்லிப் பழகியவர்கள், இன்று பிள்ளைகளோடு பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றனர். அரசு கிளினிக்கிலும் பினாங்கு பொது மருத்துவமனையிலும் மருத்துவர் சொல்வது புரியாவிட்டாலும், கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வருவோர் உண்டு. இந்தக் கூச்சம் உடல்நலத்தையே பாதிக்கலாம்.

கட்டணம்

மலேசியக் குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் புறநோயாளி கட்டணம் 1 ரிங்கிட். மருந்தும் இதில் அடங்கும். 60 வயதைக் கடந்த குடிமக்களுக்கு இந்தப் பதிவுக் கட்டணமும் இல்லை. மைகார்டைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். கிளினிக்கிற்கான முன்பதிவை மைசெஜாத்ரா செயலியில் செய்யலாம். கைப்பேசி பழக்கமில்லாத பெற்றோருக்குப் பிள்ளைகள் உதவ வேண்டும்.

ஏன் காத்திருக்க வேண்டியுள்ளது?

அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி அழைப்பதில்லை. நோயின் கடுமையைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கின்றனர். சிவப்பு உயிருக்கு ஆபத்தானது. பச்சையில் இருப்பவர் நெடுநேரம் காத்திருக்க நேரலாம். காத்திருக்கும்போது மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் ஏற்பட்டால் உடனே தாதியிடம் சொல்ல வேண்டும்.

மருந்து உறையில் உள்ள சொற்கள்

மருந்து உறையில் பெரும்பாலும் மலாய் மொழியில்தான் எழுதியிருக்கும். 'செபெலும் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்கு முன். 'செலெபாஸ் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்குப் பின். இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் எளிதில் மாறிவிடும். '1 பிஜி, 2 காலி செஹாரி' என்றால் ஒரு தடவைக்கு ஒரு மாத்திரை, நாளுக்கு இரண்டு தடவை. 'பிலா பெர்லு' என்றால் தேவைப்படும்போது மட்டும். 'ஹாபிஸ்கான்' என்றால் முழுவதும் முடிக்க வேண்டும். கிருமிக்கொல்லி மருந்துகளில் இதைக் காணலாம்.

இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே உறைகளில் தமிழில் எழுதி ஒட்டுவது நல்லது. மருந்தகத்தை விட்டு வருவதற்கு முன், மருந்தாளர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை.

வீட்டருகே தொடர் மருந்து

சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளுக்குப் பல மாத மருந்து எழுதிக் கொடுக்கப்படும். அதில் மீதமுள்ள மருந்தை வீட்டருகே உள்ள வேறு அரசு மருந்தகத்தில் பெற 'எஸ்.பி.யு.பி.' என்னும் ஏற்பாடு உள்ளது. மருந்தைத் தபாலில் பெறும் வசதியும் உண்டு. இரண்டுக்கும் மருந்தகத்தில் முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் விடுப்பு மிச்சமாகும்.

குறை இருந்தால்

முகப்பில் சத்தம் போடுவதைவிட, தேதி, நேரம், பதிவு எண், நடந்தது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மருத்துவமனையின் பொது உறவுப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்வதே பலன் தரும். சுகாதார அமைச்சின் 'சிஸ்பா' இணையத் தளத்திலும் புகார் அளிக்கலாம். நல்ல கவனிப்புக்கான பாராட்டையும் அங்கேயே பதியலாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லலாம்: எனக்கு என்ன நோய்? இந்த மருந்து எதற்கு? எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும்?